துரை வெள்ளம்

அயர்லாந்தின் மேற்கே எங்கள் மேயோ பக்கம் மே மாதப் பாதியிலிருந்து மழையில்லை என்று சொன்னால் எவனும் நம்பமாட்டான். வருஷம் முழுக்க மழையைத் திட்டியே வளர்ந்த ஜனங்கள் நாங்கள். துணி காயவில்லை, வைக்கோல் காயவில்லை, கல்யாணத்தன்று போட்ட செருப்பு பிள்ளை பிறந்த பிறகும் காயவில்லை என்று புலம்பாத வீடு கிடையாது. அதனால் முதல் வாரம் வெயிலடித்தபோது ஊரே பல்லைக் காட்டிக்கொண்டு அலைந்தது. ஆண்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெந்த இறால் மாதிரிச் சிவந்து கிடந்தார்கள். அப்புறம் புல் மஞ்சளானது. ரூவா ஆற்றில் கற்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. ஜூன் நடுவில் பார்த்தால் கோழிக்குஞ்சு கால் நனையாமல் ஆற்றைத் தாண்டிப் போகலாம் போலிருந்தது. அதற்கப்புறம் யாரும் வெயிலைப் புகழ்ந்து பேசவில்லை.

ரூவா ஒன்றும் பெரிய ஆறு இல்லை. ஃபீனா ஏரியில் புறப்பட்டு, சதுப்பு நிலத்தின் கறுந்தேநீர் நிறத்தை வாங்கிக்கொண்டு, கொஞ்ச தூரம் ஓடிக் கடலில் விழுகிறது. அவ்வளவுதான். ஆனால் அதில் பிறந்த சால்மன் மீன் கடலுக்குப் போய், வடக்கே பனிக்கட்டி மிதக்கிற தண்ணீர் வரைக்கும் அலைந்து, தின்று கொழுத்து, முட்டையிடுவதற்கு இந்தக் குட்டி ஆற்றைத்தான் தேடிக்கொண்டு கோடையில் திரும்பி வரும். மழை பெய்து ஆறு பெருகினால் ஒரே மூச்சில் ஏரிக்கு ஏறிவிடும். பெருகவில்லையென்றால் பாலத்துக்கு வெளியே, குளிர்ந்த கடல்தண்ணீரில் காத்துக் கிடக்கும். மீனுக்கு அந்தப் பொறுமை உண்டு. எங்களுக்குத்தான் இல்லை.

எங்களுக்கு ஒரு மதகு இருந்தது. ஏரி வாயில் அதைக் கட்டியவன் அந்தக் காலத்து இங்கிலீஷ் துரை. லண்டனிலிருந்து விருந்தாளிகள் வரும்போது ஆற்றில் மீன் இல்லையென்றால் துரைக்கு மானம் போய்விடுமாம். ஏரித்தண்ணீரை அடைத்து வைத்து, விருந்தாளிகளின் குதிரைவண்டி ஊருக்குள் நுழைகிற சமயம் பார்த்துத் திறந்துவிடச் சொல்வான். கடலில் நிற்கிற மீன் மழைவெள்ளம் என்று நம்பி ஏறும். துரை போனான், மாளிகை எரிந்தது, நாடு எங்கள் கைக்கு வந்தது. இந்தப் பழக்கத்தை மட்டும் நாங்கள் விடவில்லை. ஆறு வற்றிய வருஷங்களில், ஜூன் கடைசியில் வருகிற யோவான் திருநாளுக்கு முன்னால் ஒரு தடவை மதகைத் திறப்போம். அதற்குப் பெயரே துரை வெள்ளம். திறந்த நாலைந்து நாளில் நிஜ மழை கொட்டிவிடும், மீனும் ஏரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மேயோவில் மழைக்கா பஞ்சம்?

மதகைத் திருகுகிற இரும்புக் கைப்பிடி நோரீன் வீட்டு அடுப்படிச் சுவரில் ஆணியில் தொங்கும். அதே ஏரியிலிருந்துதான் குழாய் வழியாக ஊர் வீடுகளுக்கும் தொழுவங்களுக்கும் தண்ணீர் போகிறது. அந்தத் தண்ணீரை விடுகிற ஊர்ச் சங்கத்தின் மோட்டாரையும் மதகையும் முதலில் அவள் புருஷன் மார்ட்டின் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மாரடைப்பில் போனபிறகு அவள் பார்க்கிறாள். விடியற்காலையில் எழுந்து வடிகட்டியில் சிக்கிய பாசியைக் கையால் அள்ளுகிற வேலைக்கு வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.

திருநாளுக்கு முந்தின வாரம் மார்ட்டினின் தம்பி ஃபெஸ்டி அடுப்படிக்குள் வந்து நின்றான். ஐம்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். தூண்டிலோடு வருகிற வெளியூர்க்காரர்களுக்குப் படகு வலித்து, மீன் கிடக்கிற இடம் காட்டுவதுதான் அவன் பிழைப்பு.

"அண்ணி, டீ இருக்கா?"

"இருக்கு. நீ டீக்கு வரலைன்னும் தெரியும்."

"வந்ததும் வராததுமா குத்துறியே."

"வாய் டீ கேக்குது. கண்ணு ஆணியைப் பாக்குது. உக்காரு."

அவன் உட்கார்ந்து, அவள் வெட்டி வைத்த சோடா ரொட்டியில் வெண்ணெயைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல் அப்பினான்.

"ஏரி எப்படி இருக்கு?" என்றாள்.

"செத்துக் கிடக்கு. ட்ரவுட் மீனெல்லாம் ஆழத்துல போய்ப் படுத்துக்கிச்சு. எந்தப் பூச்சியைக் கட்டிக் காட்டினாலும் மேல வரமாட்டேங்குது. பைக் மீன் மட்டும் நாணலுக்குள்ள குறுக்க படுத்துக்கிட்டு வெயில் காயுது. அதையாவது பிடிக்கலாம்னு என் படகுக்கு வந்திருக்கற ஜெர்மன்காரர் துடிக்கறாரு. இந்தச் சூட்டுல பிடிச்சுத் திரும்பத் தண்ணியில விட்டா அது பிழைக்காதுன்னு நானே வேண்டாம்னுட்டேன். பாவம் மனுஷன், படகுல உக்காந்து என்னையே பாக்கறாரு. நான் அவரைப் பாக்கறேன். கல்யாணம் பேச வந்தவங்க மாதிரி இருக்கு."

நோரீன் சிரித்துவிட்டாள். "சரி, ஆறு?"

"எங்க இருக்கு ஆறு?"

"கடல்?"

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். கேலியெல்லாம் முகத்திலிருந்து போய்விட்டது.

"நிக்குது அண்ணி. பாலத்துக்கு வெளிய. நேத்து கடல்தண்ணி ஏறும்போது போய்ப் பாத்தேன். துள்ளுது. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு இல்ல, தண்ணி கொதிக்கிற மாதிரி. இவ்வளவு மீனை எங்க அண்ணன் காலத்துலதான் பாத்தது. நம்ம ஆத்துல மீனே தீர்ந்துபோச்சுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க இல்ல? தீரல அண்ணி. வந்திருக்கு."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. நோரீனுக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"மழை இல்லைன்னு ரேடியோல சொல்றாங்களே."

"அடுத்த வாரம் வியாழக்கிழமை அட்லாண்டிக்லேருந்து வருதுன்னான்."

"வரலாம்னு சொன்னான்."

"என்னைக்காவது வராம இருந்திருக்கா, சொல்லு. உன் ஆயுசுல ஒரு தடவை?"

அப்படி ஒரு தடவை நடந்ததே இல்லை. தூண்டில் சங்கத் தலைவர் கில்ராய் வாத்தியார் ஏற்கெனவே கூட்டம் போட்டு, மதகைத் திறக்கச் சொல்லி எல்லோரையும் கை தூக்க வைத்துவிட்டார் என்றும் ஃபெஸ்டி சொன்னான். கில்ராய் வாத்தியார் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் யாராவது கை தூக்கினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். நோரீன் சம்மதித்தது அதற்காக இல்லை. அந்த மீன் ஏறுவதைத் தானும் பார்க்கவேண்டும் என்று அவளுக்கே ஆசை வந்துவிட்டது. உள்ளதைச் சொல்வதற்கென்ன, ஆசைதான்.

திருநாளுக்கு முதல் நாள் காலையில் அவளும் ஃபெஸ்டியும் மாறி மாறிக் கைப்பிடியைத் திருகினார்கள். மதகின் துருப்பிடித்த இரும்புப் பலகை முனகிக்கொண்டே மேலே வந்தது. ஏரித்தண்ணீர் கல் வாய்க்காலுக்குள் பாய்ந்த சத்தத்தைக் கேட்டு மேட்டில் மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின. அந்தத் தண்ணீர் பாலத்துக்கு வந்து சேர்வதற்குள் ஊர் பாதி அங்கே கூடிவிட்டது. ஐஸ்கிரீம் வண்டி வேறு.

நுரையும் சருகுமாக வெள்ளம் உப்புத்தண்ணீரில் கலந்ததும் ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஒரு தினுசாகப் புடைத்தது. முதல் மீன் வெள்ளித்தட்டு போல் பக்கவாட்டில் மின்னிப் போனது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் எண்ணிக்கையே கிடையாது. முதுகும் வாலுமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, ஆறே எதிர்ப்பக்கம் திரும்பி ஓடுவது போல் போனது. ஆண்பிள்ளைகள் தொப்பியைக் கழற்றினார்கள். கில்ராய் வாத்தியார் பேச்சில்லாமல் நின்றதை ஊர் அன்றுதான் பார்த்தது. ஃபெஸ்டி அண்ணியைத் தோளோடு சேர்த்துப் பிடித்து உலுக்கி, "பாத்தியா? பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவளும் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் வழக்கப்படி மேட்டில் யோவான் தீ மூட்டினார்கள். மறுநாள் திருநாள் தூண்டில் போட்டியில் சிலருக்கு மீன் கிடைத்தது, பாட்டுப் பாடினார்கள், பீர் குடித்தார்கள். மதகை நோரீன் முதல் நாளே மூடிவிட்டிருந்தாள். அதற்கு மேல் விட ஏரியில் தண்ணீர் இல்லை. ஆறு இறங்க ஆரம்பித்தது. மீன்கள் வழியில் பாதி தூரம்தான் வந்திருந்தன. தண்ணீர் இறங்க இறங்க எல்லாம் துறவி மடுவுக்குள் ஒதுங்கின. ஆற்றில் ஆழமென்று சொல்ல மிஞ்சியிருந்தது அந்த ஒரு மடுதான். மேலே போவதற்கும் வழியில்லை, கடலுக்குத் திரும்புவதற்கும் வழியில்லை. இரண்டு பக்கமும் வெறும் கல்.

"வியாழக்கிழமை வரட்டும்," என்றான் ஃபெஸ்டி.

வியாழக்கிழமை வந்தது. மேற்கே கடல்மேல் மேகம் கறுத்தது, காற்றுகூடக் குளிர்ந்தது. பெண்கள் கொடியிலிருந்து துணியை எடுத்தார்கள். மேகம் எங்கள் தலைக்கு மேலே வடக்கு நோக்கி நகர்ந்து போய் டொனிகல்காரன் தலையில் கொட்டு கொட்டென்று கொட்டியது. எங்களுக்குச் சொட்டு விழவில்லை. மறுநாள் வெயில் முன்னைவிட உறைத்தது.

சனிக்கிழமை மீன்வளத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். மடுவில் வெப்பமானியை விட்டுப் பார்த்துவிட்டு, தூண்டில் போடக்கூடாதென்று மரத்தில் அறிவிப்பைக் கட்டினாள். யாரும் போடுவதாக இல்லை. கரையில் நின்று பார்த்தாலே நெஞ்சு பதறியது. மீன்கள் அடுக்கடுக்காக அசையாமல் கிடந்தன. வெள்ளி நிறம் போய் மரப்பட்டை நிறமாகிவிட்டது. சிலவற்றின் தலையில் வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சு போல் பிடித்திருந்தது. கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊற்றுக்கண் கசிகிறது. அந்தக் குளிர்ச்சிக்காக நூறு மூக்கு அங்கே முட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா செய்யலாம்?" என்று நோரீன் கேட்டாள்.

"கிட்ட போகாதீங்க. கலைக்காதீங்க. ஆளுங்க, நாய், மாடு எதையும் மடுகிட்ட விடாதீங்க."

"அது சரி. காப்பாத்த என்ன செய்யணும்?"

அந்தப் பெண் வெப்பமானியைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். "மழை பெய்யணும்," என்றாள். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சும்மா இருக்கச் சொன்னால் இருக்கிற ஊரா இது? கில்ராய் வாத்தியார் பாதிரியாரிடம் போய் மழைக்குப் பூசை வைக்கச் சொன்னார். பாதிரியார், "வெட்டின புல்லை வயல்ல காயப் போட்டிருக்கவங்க நம்ம கோயில்ல பாதிப் பேரு. மழைக்கு நான் வாயைத் திறந்தா எந்திரிச்சுப் போயிருவாங்க," என்று கையை விரித்துவிட்டார். பால்காரப் பாட்சி தன் பால் தொட்டியை டிராக்டரில் கட்டிக்கொண்டு வந்தான். வலை போட்டுக் கொஞ்சம் மீனை அள்ளித் தொட்டியில் விட்டு, கடலுக்குக் கொண்டுபோய் விடுவது என்று திட்டம். திட்டம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. வலையில் தொட்டதுமே மீன்கள் பித்துப் பிடித்தது போல் அடித்துக்கொண்டன. பாலத்தில் தொட்டியைத் திறந்தபோது எல்லாம் மல்லாந்து கிடந்தன. ஒன்றே ஒன்று கொஞ்ச தூரம் நீந்தி, சரிந்து, அடியில் போய்ப் படுத்தது. பாட்சி தொட்டியைக் கழுவாமலே வீட்டுக்கு ஓட்டிப் போனான்.

அப்புறம் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு கரையில் நிற்பதோடு சரி. ஃபெஸ்டி மட்டும் வீட்டுக்குப் போவதில்லை. மடுவுக்கு மேலே புல்லில் உட்கார்ந்து, நாய் வந்தால் துரத்தினான், ஆள் வந்தால் துரத்தினான், காக்கை வந்தால் துரத்தினான். நோரீன் உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு போவாள். முந்தின நாள் தட்டு அப்படியே இருக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் ஏரியில் வடிகட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது ஃபெஸ்டி மேட்டில் ஏறி வந்தான். தோளில் இரும்பு அறுக்கிற மெஷின் தொங்கியது. துரை வெள்ளம் விட்ட அன்றே அவள் கைப்பிடியை மதகிலேயே விட்டு அதற்குப் பூட்டுப் போட்டிருந்தாள்.

"தள்ளு அண்ணி."

"மாட்டேன்."

"பூட்டைத்தான் அறுக்கப்போறேன். உன்னை ஒண்ணும் பண்ணல."

"அறுத்துட்டு?"

"ஒரு பகல் தண்ணி விட்டாப் போதும். அதுங்க தெம்பைக் கூட்டிக்கிட்டு ஏரிக்கு ஏறிடும். ஏரி அடியில குளிர்ச்சி இருக்கு. பிழைச்சிடும். இன்னிக்கு விட்டாத்தான் உண்டு. நாளைக்கு இல்ல."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மோட்டார் அறைக்குக் கீழே நிறுத்தினாள். ஊருக்குத் தண்ணீர் இழுக்கிற குழாயின் வாய் அங்கே தெரிந்தது. அதற்கு மேலே அவள் உள்ளங்கையை நிமிர்த்தி வைத்துக் காட்டினாள். அவ்வளவுதான் தண்ணீர்.

"இதுதான் மிச்சம். நீ கேக்கற தண்ணி இதுக்கு மேல இருக்கா? கண்ணைத் திறந்து பாரு. மதகைத் திறந்தா குழாய் காத்தை இழுக்கும். மோட்டார் எரியும். பாட்சியோட மாடுங்க என்ன குடிக்கும்? முதியோர் இல்லத்துல படுத்த படுக்கையா கிடக்கறவங்களுக்கு யாரு தண்ணி குடுப்பா? நீ குடுப்பியா?"

"மனுஷனுக்கு லாரியில தண்ணி வரும். மீனுக்கு எவன் லாரி விடுவான்?"

"கேட்டுட்டேன்டா. லாரிக்கும் கேட்டுட்டேன். சுத்துப்பட்டு ஊரெல்லாம் காலிக் குடத்தோட நிக்குது. நமக்கு லாரி இல்லைன்னுட்டாங்க."

ஃபெஸ்டி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"அப்ப எதுக்குத் திறந்தே? நான் கிறுக்கன். மீனைக் கண்டா எனக்குப் புத்தி வேலை செய்யாது. ஊருக்கே தெரியும். கைப்பிடி உன் வீட்டுலதானே இருந்துச்சு? நான் கேட்டா குடுத்துடுவியா? கடல்ல நிம்மதியா நின்னதுங்களை நீயும் நானும் பொய் சொல்லி உள்ள கூட்டிட்டு வந்துட்டோமே!"

"எனக்கும் பாக்கணும்னு இருந்துச்சு," என்றாள். "அதான் திறந்தேன்."

"எங்க அண்ணன் இருந்திருந்தா..."

"உங்க அண்ணன் இருந்திருந்தா அன்னிக்கே உன்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பாரு. எனக்கு அந்தத் தைரியம் இல்ல. போதுமா?"

அவன் மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மதகின்மேல் உட்கார்ந்து, யாரும் பார்க்காத தைரியத்தில் வாய்விட்டு அழுதாள். பூட்டின் சாவி கழுத்திலேயே கயிற்றில் தொங்கியது. எழுந்து திறந்துவிட்டால் என்ன என்று எத்தனை தடவை நினைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அந்தக் குழாயைப் பார்த்தாள். சாயங்காலம் வழக்கம்போல் மோட்டாரைப் போட்டாள். ஊருக்குத் தண்ணீர் போயிற்று.

மறுநாள் விடியலில் மடு வெளுத்துக் கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நுரை என்று நினைத்தார்கள். கிட்டே போனால் வயிறு. மடு நிறைய வயிறு. ஊற்றுக்கண்ணை ஒட்டி ஏழெட்டு மீன் மட்டும் இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது, மத்தியானத்துக்குள் அதுவும் நின்றுவிட்டது. நாற்றம் கிளம்புவதற்குள் புதைக்க வேண்டியிருந்தது. பாட்சி மண் தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து தன் வயலில் பள்ளம் வெட்டினான். கில்ராய் வாத்தியார்கூட முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மீனைத் தூக்கிப் போட்டார். பெண்மீன்களைத் தூக்கும்போது முட்டை வழிந்து கையெல்லாம் ஒட்டியது. முட்டை இன்னும் முற்றவில்லை. பனிக்காலத்தில் போட வேண்டிய முட்டை. நோரீன் ஒரு முனையில் நின்று சுமந்தாள். ஃபெஸ்டி இன்னொரு முனையில். வேலை முடிகிறவரைக்கும் அவன் அவள் இருக்கிற பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவள் வழக்கம்போல் அவனுக்கும் சேர்த்து இரண்டு தட்டு வைத்தாள். ஒன்றை எடுத்து அலமாரியில் வைக்க நேர்ந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் கோயில் ஓட்டில் சடசடவென்று சத்தம் கேட்டது. பாதிரியார் பாதி ஆசீரில் கையை நிறுத்திவிட்டார். ஜனம் இடித்துக்கொண்டு வெளியே ஓடியது. மழை! பெரிய மழை இல்லை, பொடி மழைதான், ஆனால் மழை. கிழவர்கள் முகத்தை அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருக்கிற நல்ல உடுப்பு நனைவதைப் பற்றி ஒருத்திக்கும் கவலையில்லை. பாட்சி, கில்ராய் வாத்தியாரைக் கட்டிப் பிடித்துச் சுற்றினான். நோரீனும் கையை நீட்டினாள். உள்ளங்கையில் தண்ணீர் விழுந்ததும் உடம்பெல்லாம் லேசானது.

பிறகு அவள் மேற்கே பார்த்தாள். மேகத்தின் ஓரம் தெரிந்தது. அதற்கப்பால் தீவுகளின்மேல் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. இந்த மழை ஒரு மணி நேரம் பெய்தால் அதிகம். காய்ந்து பிளந்து கிடக்கிற சதுப்பு நிலம் முக்கால்வாசியைக் குடித்துவிடும். மிச்சம் ஆற்றில் போனால் நாலு விரல் உயரும். நாலு விரல் தண்ணீர் ஏரி வரைக்கும் போகப் போதாது. ஆனால் கடலில் நிற்கிற மீனுக்கு அதன் வாசனை போதும்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு காருக்கு ஓடினாள். பின்னால் யாரோ, "நோரீன், எங்க ஓடறே? நனைஞ்சா கரைஞ்சுட மாட்டே!" என்று கத்திச் சிரித்தார்கள்.

பாலத்துக்குக் கீழே ஃபெஸ்டி தொடை அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். பூசைக்கு அவன் வரவில்லை. மழைக்கு முன்னாலேயே வந்து நின்றிருப்பான் போலிருக்கிறது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஆற்றின் பழுப்புத் தண்ணீர் மெல்லிய நாடாவாக உப்புத்தண்ணீருக்குள் போய்க் கலந்துகொண்டிருந்தது. அதற்கு வெளியே மீன்கள் துள்ளின. இத்தனை நடந்தபிறகும் கடலில் இன்னும் இவ்வளவு இருக்குமென்று அவள் நினைக்கவே இல்லை.

ஃபெஸ்டி குனிந்து கல்லை எடுத்துத் தன் பலமெல்லாம் சேர்த்து அவற்றின்மேல் எறிந்தான். "போங்க! வராதீங்க! கடலுக்கே போய்த் தொலைங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பிறந்ததிலிருந்து ஒரு மீனைக்கூடக் காரணமில்லாமல் துன்புறுத்தாதவன். வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிச் சால்மனைத் திட்டினான். வானத்தையும் திட்டினான். "நிறுத்து! இப்ப எவன் கேட்டான் உன்னை? நிறுத்து!" முகத்தில் வழிவது மழையா கண்ணீரா என்று பார்க்க நோரீனைத் தவிர யாரும் இல்லை.

நோரீன் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு இடுப்பில் ஒட்டியது. அவன் திரும்பிப் பார்த்தான். மதகில் பேசினதற்கப்புறம் அவளிடம் அவன் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"கல்லை எடு அண்ணி."

அவள் எடுத்தாள். எறிந்தாள். அவளுக்கு எறியத் தெரியாது, கல் காலடியிலேயே விழுந்தது. இன்னொன்று எடுத்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எறிந்துகொண்டே இருந்தார்கள். கல் விழுந்த இடத்தில் மீன்கள் சிதறின. சிதறி, வளைந்து, மறுபடியும் பழுப்புத் தண்ணீருக்குள் மூக்கை நுழைத்தன. முதல் மீன் நுரையைக் கிழித்துக்கொண்டு நேராக அவளை நோக்கி வந்தது. எவ்வளவு அழகாக இருந்தது! புதுசாக, கெட்டியாக, வெள்ளியாக. அவள் காலை உதைத்தாள், கைகளால் தண்ணீரை அறைந்தாள், "வேண்டாம், வேண்டாம்," என்றாள். அது அவள் கெண்டைக்காலை உரசிக்கொண்டு தாண்டிப் போனது.

மழை அதற்குள் நின்றுவிட்டது. ஃபெஸ்டி கை ஓய்ந்துபோய் நின்றான். அவள் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஆற்றின் நடுவில் நின்றாள். அவளுக்கு இரண்டு பக்கமும் மீன்கள் ஏறிப் போய்க்கொண்டே இருந்தன.